இரவல் சொல்லும் சொந்தச் சொல்லே
(மலையகப் புனைகதையில் ஓட்டிசப் பாத்திரங்கள் குறித்த கருத்தரங்கின் தலைமை உரை)



அட்டனில் கூடும் இந்த அவைக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று அழைத்தபோது நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டேன். மலையக இலக்கியம் பற்றிப் பேச என்னிலும் மூத்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். பிள்ளைகளின் வளர்ச்சி பற்றிப் பேச என்னிலும் கற்றவர்கள் முன் வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் நடுவே இந்த இருக்கையில் அமர்வதைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். அந்தப் பேறு தரும் படபடப்பும் என்னிடம் இருக்கிறது.

"புனைகதையில் நம்பத்தகுந்த ஓட்டிசப் பாத்திரங்கள்" என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையையும், மறு ஆண்டு வியன்னாவிலிருந்து ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதியதையும் நீங்கள் அறிவீர்கள். 2009இல் வெளியான இலங்கை ஆய்வு, அரை நகர்ப்புறப் பகுதி ஒன்றில் 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளிடையே 93 பேருக்கு ஒருவர் என்று கணித்ததையும் அறிவீர்கள். 1988இல் வந்த 'ரெயின் மேன்' திரைப்படம் எண்களில் மேதையான ஒரு மனிதரை உலகத்துக்கே முன்மாதிரியாக்கியது. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுகோலாக இருந்த கிம் பீக் ஓட்டிசம் உள்ளவரே அல்லர் என்பது பிறகு தெரிய வந்தது. தமிழில் 2013இல் 'ஹரிதாஸ்' திரைப்படம் வந்தது. யெஸ். பாலபாரதியின் 'துலக்கம்' நாவல் வந்தது. இவை பற்றிப் பிற்பகல் அமர்வில் நல்ல கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றின் வேலையை நான் செய்யப் போவதில்லை.

சொல்லைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தமிழகத்தில் 'மதியிறுக்கம்' என்ற சொல் பரவியிருக்கிறது. ஆக்கியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் ஆக்கினார்கள். ஆனால் இறுகியிருப்பது அந்தப் பிள்ளையின் மதிதான் என்று அந்தச் சொல் முதலிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஓட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன், புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் எழுதினார். ஓட்டிசம் உள்ளவர்களுக்கு நம்மைப் புரியாத அளவுக்கு நமக்கும் அவர்களைப் புரியவில்லை. அதனால் நான் ஓட்டிசம் என்றே சொல்கிறேன்.

இனி, நான் பல ஆண்டுகளாகச் சுமந்து திரியும் விடயத்துக்கு வருகிறேன்.

என் பிள்ளைப் பருவத்தில், எங்கள் லயத்தில், பக்கத்துக் காம்பராவில் ஓர் அண்ணன் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். லயத்தில் சிலர் அவரைச் 'சாமிப் பிள்ளை' என்பார்கள். சிலர் 'லூசு' என்பார்கள். ஓட்டிசம் என்ற சொல் அப்போது எங்கள் தோட்டத்தை எட்டவில்லை. பின்னேரம் ஆனதும் அவர் எங்கள் இஸ்தோப்பில் வந்து நிற்பார். "அக்கா, கொஞ்சம் சீனி இருந்தா குடுங்களேன்" என்பார். குரல் அவருடையது. ஏற்ற இறக்கம் அப்படியே அவருடைய அம்மாவினது. என் அம்மா ஒரு கரண்டிச் சீனியை அவர் உள்ளங்கையில் போடுவார். அவர் விரல்களை விரிப்பார். சீனி சீமெந்துத் தரையில் கொட்டும். ஆனாலும் போகமாட்டார், அங்கேயே நிற்பார். "சீனி விக்கிற வெலையில இப்படிக் கொட்டுறியே" என்று அம்மா திட்டுவார். மறுநாளும் அதே வாசகம், அதே சீனி, அதே திட்டு.

ஒருநாள் அடைமழை. தகரக் கூரையில் மழை விழும்போது லயத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. எல்லோரும் கத்திக்கொண்டிருந்தோம். அவர் வழக்கம்போல் வந்து நின்று வாயசைத்தார். என் அப்பாயி அடுப்படியிலிருந்து அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த சாக்கை நகர்த்திப் போட்டு, "உள்ள வாய்யா" என்று கையைக் காட்டினார். அவர் வந்தார், அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சீனி கேட்கவில்லை. மழை விடும்வரை அந்த முகத்தில் இருந்த அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்பாயி பிறகு விளக்கம் சொன்னார். முன்பொரு நாள் இதே போன்ற மழையில் அந்த அண்ணனுடைய அம்மா, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு சீனி இரவல் கேட்டு வந்தாராம். மழை விடவில்லை என்று இருவரையும் அடுப்பருகே உட்கார வைத்தார்களாம். அந்த அண்ணனுக்கு அந்த வாசகத்தின் பொருள் சீனி அல்ல, 'அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரட்டுமா' என்பதே. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவர் கையில் சீனி போடவில்லை. சாக்கைத்தான் நகர்த்திப் போட்டோம்.

இதை நான் ஆராய்ச்சியாக அறிந்தது மிகப் பின்னால். கானரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். 1946இல் அவர் எழுதிய சிறு கட்டுரையை அநேகமாக யாரும் தொடுவதில்லை. பொருளற்ற பிதற்றல் என்று ஒதுக்கப்படும் வாசகங்களுக்கும் பிறப்பிடம் உண்டு, தேடினால் கிடைக்கும் என்பதுதான் அதன் சாரம். ஒரு சிறுவன் எதையாவது எறியத் தோன்றும்போது, நாயைப் பால்கனியிலிருந்து எறியாதே என்று சொல்வானாம். கேட்டவர்களுக்கு நாயும் தெரியவில்லை, பால்கனியும் தெரியவில்லை. ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதியில் அவன் பொம்மை நாயை எறிந்துகொண்டிருந்தபோது அம்மா சொன்ன வாசகம் அது. அந்த இரவல் வாசகத்தால் அவன் தன் கையைத் தானே தடுத்துக்கொண்டிருந்தான். பால்ட்டிமோர் மருத்துவரான கானர் தாளில் எழுதியதை என் அப்பாயி சாக்கை நகர்த்திச் செய்தார்.

இந்த இடத்தில் ஒரு பழைய விவாதத்தைத் தொட அவை அனுமதிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையகச் சிறுகதையில், பிறர் பேசியதையே திருப்பிப் பேசும் ஒரு பிள்ளை வந்தது. எதிரொலிக்கு உள்மனம் கிடையாது, ஆகவே அது பாத்திரமே அல்ல, பின்னணிச் சத்தம்தான் என்று ஒரு விமர்சக நண்பர் எழுதினார். நான் மறுத்தேன், அவர் பதில் எழுதினார். அவர் இன்று இந்த அவையில் இருக்கிறார். அவருடைய நூல்கள் இல்லாமல் நான் மலையகக் கதையைப் படிக்கக் கற்றிருக்க மாட்டேன். அந்த நன்றியோடுதான் மீண்டும் கேட்கிறேன்: இழவு வீட்டில் ஒப்பாரி பாடும் பெண் யாருடைய சொல்லைப் பாடுகிறாள்?

தன் தாய் பாடியதை, தாயின் தாய் பாடியதைத்தான் பாடுகிறாள். அடிகள் பழையவை, உவமைகள் பழையவை. அவள் ஒருநாளும் கண்டிராத மாளிகையும் தங்கத் தேரும் அதில் வருகின்றன. ஆனாலும் கேட்பவர்கள் அழுவது அவளுடைய துக்கத்துக்குத்தான். எதிரொலி என்று யாரும் எழுந்து போவதில்லை. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது, இரவல் அடிகளுக்குள் சொந்த நெஞ்சு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் தொகுத்திருப்பார். வாய்மொழி மரபில் வாழும் நாம் இந்த நியாயத்தை ஒப்பாரிக்குக் கொடுக்கிறோம். இஸ்தோப்பில் நிற்கும் பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

எழுதுகிறவர்களுக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரு தொழில்முறை. பாத்திரத்தின் வாயில் ஒரு வாசகத்தை வைக்குமுன், அது முதலில் யார் வாயிலிருந்து, எந்த மழை நாளில், எந்த அடுப்பருகே வந்தது என்று எழுத்தாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசகருக்கு அதைச் சொல்லாமல் விடலாம், எழுத்தாளர் அறியாமல் இருக்கக் கூடாது. காதும் அப்படியே. காலையில் ஆட்களைப் பிரட்டுக்குக் கூட்ட அடித்த தப்பும் ஸ்டோர்ச் சங்கும் ஒருவரை வதைக்கலாம். எங்களையெல்லாம் கத்த வைத்த மழையிரைச்சல் அவரை ஆற்றலாம். பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். நிரையில் யாரோடும் பேசாமல் கொழுந்து பறிக்கும் பெண்ணை 'அடக்கமான பொண்ணு' என்று புகழ்ந்து கடந்துவிடுகிறோம். அவளை எழுத யாரும் உட்கார்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. சம்பளம், குடியுரிமை, காணி, வீடு என்று ஆயிரம் பாடு இருக்கும் சமூகத்துக்கு ஓட்டிசம் ஒரு நகரத்துக் கவலை என்கிறார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் இலக்கியம் அந்தப் பறிப்பைத்தான் முதலில் எழுதியிருக்க முடியும். அதை மதிக்கிறேன். ஆனால் தோட்டத்தின் கணக்கை நினைத்துப் பாருங்கள். நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். ஆளின் ஒருநாள் உழைப்புக்கே பேர் என்று பேர் வைத்த இடம் இது. என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' முதல் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' வரை, அந்தக் கணக்குக்குள் அடங்காத மனிதரைத்தானே நம் கதைகள் தேடின? எங்கள் பக்கத்துக் காம்பரா அண்ணனுக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவில் ஒருநாளும் பேர் விழுந்ததில்லை, அரைப்பேர்கூட இல்லை. அவரை விட்டுவிட்டு எழுதப்படும் மலையகக் கதை, கணக்கப்பிள்ளையின் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்ட கதையாகிவிடும்.

தலைப்பை முழுவதும் சுற்றிவர வேண்டிய தலைவர், ஒரே மூலையில் நின்று வாதாடிவிட்டேன். மற்ற மூலைகளைப் பார்த்துக்கொள்ளத் தகுதியானவர்கள் வரிசையாக இருக்கிறார்கள் என்ற துணிவில்தான் அப்படி நின்றேன். கட்டுரை வாசிக்கப் போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கட்டுரையில் வரும் பாத்திரம் ஏதாவது கேட்டு நின்றால், சீனியை எடுக்க உள்ளே போகுமுன் அப்பாயி பார்த்ததுபோல் கொஞ்ச நேரம் பாருங்கள்.

முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.