பழைய பிரிண்டரும் சந்தாப் பணமும்

(கிளைப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சங்க அறையின் மூலையில் துணி போர்த்திய ஒரு லேசர் பிரிண்டர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டணத்து அலுவலகம் ஒன்று புது யந்திரம் வாங்கியபோது இதை நமக்கு இனாமாகத் தந்தது. மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரிகிறது. காகிதத்தை இழுக்கத்தான் மறுக்கிறது. இதைப் பழுது பார்ப்பதா, பழைய இரும்புக்குப் போடுவதா என்று இன்று நாம் முடிவு செய்யவேண்டும். செலவாகப் போவது உங்கள் சந்தாப் பணம். ஆகவே நாங்கள் பார்த்ததையும் கணக்கிட்டதையும் உங்கள் முன் வைக்கிறோம்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மாடு இனாம்தான், தோழர்களே, தீனி நம்முடையது! பல்லைப் பார்க்கத்தான் வேண்டும்.

முதல் கேள்வி, நமக்குப் பிரிண்டர் எதற்கு? கூட்ட அறிவிப்பு, சொக்சோ மனு, சேமநிதிக் கடிதம், சம்பளக் குறைவு பற்றிய புகார், ஒப்பந்த ஷரத்துகளின் தமிழ் விளக்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் இன்று பிறர் கையை எதிர்பார்க்கிறோம். மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்து, குளித்துப் பட்டணம் போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. இல்லையென்றால் தோட்ட ஆபீசில் கேட்கவேண்டும். நிர்வாகத்தின் மேல் எழுதிய மனுவை நிர்வாகத்தின் யந்திரத்திலேயே அடித்துத் தரும்படி ஒரு கிராணியிடம் கேட்பது நியாயமா? அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர். அவருக்கும் குடும்பம் உண்டு. அவரைச் சங்கடத்தில் நிறுத்தாமல் இருப்பதும் தொழிலாளர் ஒற்றுமையில் ஒரு பகுதியே.

தேவை உண்டு என்பதனாலேயே இந்த யந்திரம் தகுதியானது என்று ஆகிவிடாது. அதை எப்படிச் சோதித்தோம் என்று சொல்லுகிறோம்.

லேசர் பிரிண்டரை உருவாக்கியவர் கேரி ஸ்டார்க்வெதர் என்ற அமெரிக்கர். ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் 1971-ம் ஆண்டில் அவர் அதை இயக்கிக் காட்டினார். 1984-ம் ஆண்டில் கேனன் கம்பெனி செய்த உட்பொறியை வைத்து எச்.பி. கம்பெனி மேசைமேல் வைக்கக்கூடிய லேசர்ஜெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடிப்படை வேலை இன்றும் அதுவே. டிரம் என்ற உருளையின்மேல் மின்சாரம் ஏற்றப்படுகிறது. லேசர் ஒளி எழுத்தின் வடிவத்தை அதன்மேல் வரைகிறது. டோனர் என்ற நுண்ணிய கரிய பொடி அந்த இடங்களில் ஒட்டிக் காகிதத்துக்கு மாறுகிறது. கடைசியில் ஃபியூசர் என்ற சூடான பகுதி பொடியை உருக்கிக் காகிதத்தோடு பிடிக்கச் செய்கிறது. எந்த இடத்தில் வேலை நின்றுபோகிறது என்று கண்டுபிடித்தால் பாதிப் பழுது பார்த்த மாதிரிதான்.

நம்மிடம் வந்திருப்பது 2008-ம் ஆண்டில் வெளிவந்த லேசர்ஜெட் பி 2055 டி.என். என்னும் வகை. இரண்டு பக்கமும் தானே அச்சடிக்கும். பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட் ஆகிய பொதுவான அச்சு மொழிகள் இதற்குப் புரியும். ஆகவே கம்ப்யூட்டரை மாற்றினாலும் இதை ஓட்ட வழி இருக்கும். தனக்கென்று உள்ள மென்பொருள் இல்லாவிட்டால் வாய் திறக்காத மலிவுப் பிரிண்டர்களும் உண்டு. அப்படிப்பட்டது இனாமாக வந்தாலும் வேண்டாம்.

கீழ்த்தட்டு காகிதத்தை இழுக்கவில்லை. முன்தட்டில் ஒரு தாளை வைத்தோம்; அது போயிற்று. இரண்டு தட்டுக்கும் தனித்தனி உருளை இருப்பதால் கீழ் உருளையில்தான் கோளாறு என்று தெரிந்தது. அந்த உருளை ரப்பரால் ஆனது. ரப்பரைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டுமா? வயதானால் இறுகும், பளபளப்பாகும், பிடிப்பு விட்டுவிடும். ஈரத் துணியால் துடைத்தோம். சில தாள்களை இழுத்தது, பிறகு வழுக்கியது. புது உருளையே போடவேண்டும். பெரிய விலை இல்லை.

பிறகு யந்திரத்தின் சொந்த விவரத்தாளை அச்சடித்தோம். இதுவரை 61,000 பக்கங்களுக்கு மேல் அடித்திருக்கிறது. ஆபீசில் இருந்த யந்திரத்துக்கு இது பயப்படும் கணக்கு அல்ல. எழுத்தை விரலால் தேய்த்தோம்; அழியவில்லை. ஆகவே ஃபியூசர் சூடாகிறது. ஒரே அளவு இடைவெளியில் கறை திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஓர் உருளை கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒன்றும் இல்லை. இடது ஓரம் மட்டும் மங்கலாக இருந்தது. டோனர் தீரும் நிலை அது. இந்த வகையில் டோனர் பெட்டிக்குள்ளேயே டிரம்மும் இருப்பதால், பெட்டியை மாற்றினால் இரண்டும் புதிதாகிவிடும்.

இனி பணக் கணக்கு. மாதம் 200 பக்கம் நமக்குத் தேவை. கடையில் பக்கத்துக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால் மாதம் 60 வெள்ளி, பஸ் செலவு வேறு. 05 ஏ டோனர் பெட்டி 2,300 பக்கத்துக்கும், பெரிய 05 எக்ஸ் பெட்டி 6,500 பக்கத்துக்கும் என்று கம்பெனி கணக்குச் சொல்லுகிறது. ஆனால் அது பக்கத்தில் 5 விழுக்காடு மட்டுமே கருமை இருந்தால்தான். நம் அறிவிப்புகள் நெருக்கமானவை, குறைத்தே எதிர்பார்க்கவேண்டும். அப்படியும் சிறிய பெட்டி முக்கால் வருஷமாவது ஓடும். மை பிரிண்டரைச் சும்மா வைத்திருந்தால் மை உலர்ந்து துவாரம் அடைபடும். டோனர் முதலிலேயே உலர்ந்த பொடி. மாதத்துக்கு ஓரிரு நாள் மட்டும் வேலை இருக்கும் நம்மைப் போன்ற கிளைக்கு லேசர்தான் பொருந்தும்.

ஆகவே எங்கள் சிபாரிசு: உருளைக்கும் டோனருக்கும் சேர்த்து 250 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. காகிதத்தையும் மின்சாரத்தையும் சேர்த்தாலும் ஆறு மாதத்துக்குள் முதல் திரும்பிவிடும். அந்த வரம்பைத் தாண்டினால், அல்லது ஒரு வருஷத்துக்குள் ஃபியூசர் கெட்டால், "இவ்வளவு செலவழித்துவிட்டோமே" என்று மேலும் பணம் போடக்கூடாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடும். போட்ட பணத்துக்காக இனிப் போடும் பணத்தை இழக்காதீர்கள். இந்த வரம்பை இன்றே, பழுது பார்ப்பவர் நம் முன் வந்து நிற்பதற்கு முன்பே, தீர்மானமாக எழுதிவிடவேண்டும்.

சில எச்சரிக்கைகள். உள்ளே கை வைக்குமுன் மின்சாரத்தைப் பிடுங்குங்கள், ஃபியூசர் ஆறட்டும். டோனர் சிந்தினால் ஊதாதீர்கள். துணியிலோ கையிலோ பட்டால் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம். நம் நாட்டு ஈரத்தில் காகிதம் சுருண்டு சிக்கும். பிரித்த கட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் மூடி வையுங்கள். யந்திரத்தின் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும்: யார் அடித்தார், எத்தனை பக்கம், எதற்காக. கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் படிப்போம்.

தோழர்களே! நம் குறையை நம் மொழியில், நம் அறையில், யாருடைய அனுமதியும் கேளாமல் தாளில் ஏற்ற வழி இருந்தால் அது நல்லதே. அதே சமயம், அந்த ஆசைக்காக ஒரு வெள்ளியையும் கண்மூடிக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. 250 வெள்ளி வரம்போடு யந்திரத்தைப் பழுது பார்க்கச் சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள். மறுப்பவர்கள் எழுந்து காரணம் சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறோம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!