தோளருகே முறிந்த கை



நெடுங்கேணியிலே ஒரு மூதாட்டி விடியற்காலையிற் கிணற்றடிக்குச் செல்கின்றார். பாசி பிடித்த கட்டிலே கால் வழுக்குகின்றது. விழுகின்ற கணத்திலே தம்மையறியாமற் கையை ஊன்றுகின்றார். எழுந்து பார்த்தாற் கையைத் தூக்க முடியவில்லை; மறு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு திண்ணையில் அமர்ந்துவிடுகின்றார். பாலைப்பழக் காலத்திலே கிளை முறிந்து விழும் இளைஞனுக்கும், மோட்டார்ச் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்படுபவனுக்கும் இதே இடத்தில் முறிவு நேர்வதுண்டு. ஆயினும், முதுமையினால் எலும்பு நொய்ந்துபோன பெண்களிடமே இதனை மிகுதியாகக் காண்கின்றோம்.

புயவென்பின் மேல்முனை ஒரு பந்தைப் போன்றது. அந்தப் பந்துக்குச் சற்றுக் கீழே எலும்பு ஒடுங்குகின்றது. அவ்விடத்துக்குச் 'சத்திரவைத்தியர் கழுத்து' என்று பெயர். சத்திரவைத்தியர்கள் அடிக்கடி முறிவைச் சந்திக்கும் இடம் அதுவாகையால் வந்த பெயர் என்பர். பொஸ்ரன் நகரத்துக் கொட்மன் என்னும் வைத்தியர், இம்முனை பெரும்பாலும் நான்கு துண்டுகளாகவே பிரிகின்றதென 1934ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினார். 1970ஆம் ஆண்டில் நீயர் என்பவர் அதனை அளவுகோலாக்கினார். ஒரு துண்டு தன் இடத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் விலகியிருந்தாலோ, 45 பாகைக்கு மேல் திரும்பியிருந்தாலோ அது 'விலகிய முறிவு' எனப்படும். அவ்வாறு விலகாத முறிவுகளே மிகப் பல. அவற்றுக்குக் கத்தி வேண்டியதில்லை. கையைத் தூக்குத்துணியில் இட்டு, உரிய காலத்திற் பயிற்சி கொடுத்தாற் போதும்.

விலகிய முறிவுக்கு என்ன செய்வது? முன்னாளிலே தோளின் முன்புறத்தை நீளமாகக் கீறி, தசைகளை ஒதுக்கி, எலும்பைக் கண்ணாற் கண்டு தகடு பொருத்தினர். இம்முறை இன்றும் உண்டு. ஆனால் எலும்பின் தலைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் கழுத்தைச் சுற்றியே மேலேறுகின்றன. பார்வைக்காக அகலத் திறக்குந்தோறும் அக்குழாய்கள் சிதைவதற்கு இடமுண்டு. குருதி கிடைக்காத எலும்புத்தலை உயிரிழந்து நொறுங்கிப்போகவும் கூடும். சிறு துளை வழிச் சத்திரசிகிச்சை தோன்றியதற்கு இதுவே முதற்காரணம். தழும்பு சிறிதாயிருப்பது பிறகு கிடைத்த நன்மை.

இம்முறையிலே சத்திரவைத்தியர் எக்ஸ்-கதிர்த் திரையைப் பார்த்தவாறே துண்டுகளை இடத்துக்குக் கொண்டுவருகின்றார். பின்னர்ச் சில வேளைகளில் மெல்லிய உருக்குக் கம்பிகளைத் தோலின் வழியாகவே செலுத்தி நிறுத்துவார். அக்கம்பிகளைச் சில வாரங்களின்பின் உருவிவிடலாம். வேறு சிலருக்குத் தோளின் பக்கத்திலே மேலே ஒரு சிறு கீறல், கீழே இன்னொன்று. அவற்றினூடே தகட்டை எலும்போடு ஒட்டிச் சறுக்கி இறக்குவார். இத்தகட்டின் திருகாணிகள் தகட்டோடேயே பூட்டிக்கொள்ளும் இயல்பின. ஆகவே நொய்ந்த எலும்பிலும் ஓரளவு உறுதியாக நிற்கும்.

இங்கேதான் ஒரு சங்கடம். தோளுச்சியின் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 5 தொடக்கம் 7 சென்ரிமீற்றர் கீழே, தோளை மூடியிருக்கும் முக்கோணத் தசையின் உட்புறமாக ஒரு நரம்பு குறுக்கே ஓடுகின்றது. அது அறுந்தால் அத்தசை செயலிழக்கும். எலும்பு பொருந்தியும் கை எழும்பாது. மேற்கீறலுக்கும் கீழ்க்கீறலுக்கும் இடையிலே தோலைத் தொடாமல் விடுவது இந்நரம்பின் பொருட்டே. விரலால் அதனைத் தடவி அறிந்து, அதற்கு அடியாகத் தகட்டைச் செலுத்துவர். சிறிய துளை என்பதற்காக எளிய வேலை என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். பிரித்தானியாவிலே விலகிய முறிவுடைய 250 பேரைச் சத்திரசிகிச்சை பெற்றோர், பெறாதோர் என இரு பிரிவாக்கி ஆராய்ந்து, அதன் முடிவை 2015ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். இரண்டாண்டு முடிவில் இரு பிரிவினரின் கைப்பயனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, "கத்தி வைக்காமல் விட்டுவிட்டார்களே" என்று ஒரு முதியவரின் பிள்ளைகள் வருந்துவதற்கு எப்போதும் நியாயமில்லை. ஆனால் அந்த ஆய்வு எல்லாருக்கும் பொருந்தாது. எலும்பின் தலை மூட்டை விட்டு விலகியவருக்கும், தோல் கிழிந்து எலும்பு வெளித்தெரிபவருக்கும் வழி வேறு. நம் வன்னியிலே யுத்தத்திற் காலிழந்து, ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கி நடப்பவர் பலர் உளர். அவர்களுக்குத் தோள்தான் கால். அப்படிப்பட்ட ஒருவருடைய தோள் முறிந்தால், எக்ஸ்-கதிர்ப் படத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்ய இயலாது. தாம் எவ்வாறு நடக்கின்றார், வீட்டிலே யார் துணை என்பவற்றை அவர் வைத்தியரிடம் வாய்திறந்து சொல்லவேண்டும்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் முதலிற் செல்வோர் நம்மிடையே அநேகர். அவர்களின் கைப்பழக்கத்தை நான் இகழேன். ஆனால் தோளருகு முறிவை இழுத்து உருவுவது ஆபத்தானது. விரல்கள் குளிர்ந்து வெளிறினாலோ, மேற்கையின் வெளிப்புறத்தில் உணர்ச்சி மரத்தாலோ, கட்டுப்போடுவதற்கு நேரமில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவு வண்டி வரும். புளியங்குளம் வழியாக வவுனியாவுக்குச் செல்லும்போது, கையை மார்போடு சேர்த்து ஒரு சால்வையாற் கட்டினாற் போதும். நாலைந்து நாளிலே முழங்கை வரையும், சிலருக்கு மார்பிலும், கருநீலம் இறங்கும். அது உறைந்த இரத்தம் வடிவதேயன்றி, விஷமன்று.

எஞ்சியது பயிற்சி. சத்திரசிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் இதில் விலக்கில்லை. வலிக்கின்றதென்று மாதக்கணக்காகக் கையை அசையாமல் வைத்திருந்தால், எலும்பு ஒட்டும், தோள் இறுகிவிடும். வைத்தியர் அனுமதித்த நாளிலிருந்து, நல்ல கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, முறிந்த கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, ஊசலைப் போல மெல்ல ஆட்டவேண்டும். நாளுக்குச் சில தடவை, ஒவ்வொரு தடவையும் சில நிமிடம். பின்பு சுவரிலே விரல்களை வைத்துப் படிப்படியாக மேலேற்றலாம். நேற்று விரல் எட்டிய இடத்தில் ஒரு கரிக்கோடு இழுத்துவைத்தால், பேரப்பிள்ளைகளே ஆச்சியை விடமாட்டார்கள். கிணற்றடியில் விழுந்த அம்மூதாட்டி மீண்டும் இரு கைகளாலும் தம் கொண்டையை முடிவதற்குச் சில மாதங்கள் செல்லலாம்.