நோயுற்ற குழந்தையிடமும் வாய்மை



"வா, ஒன்று தருகிறேன்" எனத் தம் மகனை அழைத்த தாயிடம், என்ன தரப்போகிறீர் என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அத்தாய். எதுவும் கொடுக்காதிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதிவாகியிருக்கும் என எச்சரித்தார்கள். குழந்தைகளுக்கு மருத்துவம் செய்வோர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

1823-ல் பிரெஞ்சு ஆட்சியில் மருத்துவப் பள்ளி கண்ட ஊர் நம் புதுச்சேரி. அதன் வழிவந்ததே ஜிப்மர். இன்று நாடெங்கும் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், நன்னெறியும் நோயாளியிடம் பேசும் முறையும் 2019 முதல் சேர்க்கப்பட்டுள்ளன. ஆய்வுகளில் 7 வயது நிறைந்த குழந்தையைச் சேர்க்கும்போது, பெற்றோரின் ஒப்புதலோடு அக்குழந்தையின் இசைவையும் பெற வேண்டும் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது.

சிகிச்சையிலும் இப்பண்பு தேவை. "வலிக்காது" என்று கூறி ஊசி குத்தினால், மறுமுறை அக்குழந்தை எவரையும் நம்பாது. "சிறிது வலிக்கும், நான் அருகில் இருக்கிறேன்" என்பதில் உண்மையும் உண்டு, இரக்கமும் உண்டு.

பெற்றோர்களே! "அழுதால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்" என வீட்டில் மிரட்டாதீர்கள். மருத்துவமனையில் அரும்பாடுபட்டு வளர்க்கும் நம்பிக்கையை நாமே கெடுத்துவிடலாகாது.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும், நம் நாவுகளுக்கு வாய்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.