வாக்கெடுப்புக்கு மறுநாளும் ஒரே லயத்தில்தான் வாழ வேண்டும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்மார், தலைவிமாருக்கான கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதிய அரசியலமைப்பு வரப்போகிறது என்ற பேச்சு பல வருடங்களாக நம் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. அரசாங்கங்கள் மாறினாலும் அந்தப் பேச்சு மாறவில்லை. அப்படி ஒன்று வருமானால், பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு மட்டும் போதாது. இப்போதுள்ள அரசியலமைப்பின் 83ஆம் உறுப்புரையின்படி, ஒற்றையாட்சி, பௌத்தத்திற்கு வழங்கப்பட்டுள்ள இடம் போன்ற அடிப்படை விடயங்களில் கைவைப்பதற்குச் சர்வஜன வாக்கெடுப்பும் நடத்த வேண்டும். ஆகவே ஒருநாள் நம் ஒவ்வொருவர் கையிலும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டே பதில்கள் உள்ள ஒரு சீட்டு வரலாம். அதில் எதற்குப் புள்ளடி போடுவது என்பதை அந்த நேரத்தில் பேசுவோம். இன்று நாம் பேச வந்தது அதற்கு அடுத்த நாளைப் பற்றி. இரண்டாகப் பிரிந்து வாக்களித்த ஒரு நாடு மறுபடி ஒன்றாக வாழ முடியுமா?

பொதுத் தேர்தலில் தோற்ற கட்சிக்கும் நாலு ஆசனம் கிடைக்கும். ஐந்து வருடம் பொறுத்து மறுபடி வரலாம். சர்வஜன வாக்கெடுப்பு அப்படியல்ல. நூற்றுக்கு 51 பேர் ஒன்றைச் சொன்னால் முழுவதும் அவர்களுக்கு, மற்ற 49 பேருக்கு ஒன்றுமே இல்லை. அந்த 49 பேர் எங்கேயும் போய்விடுவதில்லை. பக்கத்து வீட்டில், அடுத்த ஊரில், வடக்கில், தெற்கில், நம் மேட்டு லயத்தில் இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

இந்த நாட்டில் தேசிய மட்டத்தில் இதுவரை ஒரேயொரு சர்வஜன வாக்கெடுப்புத்தான் நடந்திருக்கிறது. 1982 டிசம்பர் 22இல் நடந்தது. மூத்த தோழர்களுக்கு நினைவிருக்கும், விளக்கா குடமா என்று கேட்ட வாக்கெடுப்பு. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் காலத்தைத் தேர்தல் இல்லாமலேயே மேலும் ஆறு வருடம் நீடிக்கலாமா என்பதுதான் கேட்கப்பட்ட கேள்வி. 168 ஆசனங்களில் 140 ஆளும் கட்சியிடம் இருந்தது. அந்த வருடம் அக்டோபரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்தன பெற்றது நூற்றுக்கு 53 வீதத்துக்கும் சற்றுக் குறைவு. புதிய விகிதாசார முறையில் பொதுத் தேர்தல் வைத்தால் பழைய பலம் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே வாக்கெடுப்பு நடந்தது. விளக்குக்கு விழுந்தவை 31 இலட்சத்து 41 ஆயிரம். குடத்துக்கு விழுந்தவை 26 இலட்சத்து 6 ஆயிரம். யாழ்ப்பாணம் மிகப் பெரும்பான்மையாக ‘வேண்டாம்’ என்றது. தெற்கிலும் இலட்சக்கணக்கான சிங்கள மக்கள் ‘வேண்டாம்’ என்றார்கள்.

நம் மக்களில் பெருந்தொகையானோர் அன்று இந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை. 1948, 1949ஆம் வருடச் சட்டங்கள் பறித்த பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் அவர்களுக்கு இன்னும் திரும்பக் கிடைத்திருக்கவில்லை. கொழுந்து பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக் கொடுத்தவர்கள் நாட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் நாளில் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வென்றவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? எதிர்த்து வாக்களித்த 26 இலட்சம் பேருடன் உட்கார்ந்து பேசவில்லை. ஏழு மாதத்தில் 1983 ஜூலை வந்தது. கொழும்பில் மூண்ட தீ பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் வந்தது. அமைச்சரவையில் மலையகத் தலைவர் ஒருவர் இருந்தும்கூட அது நம் மக்களைத் தொடாமல் போகவில்லை. அடுத்த மாதமே ஆறாவது திருத்தம் வந்து, வடக்கு கிழக்கின் தமிழ் உறுப்பினர்கள் பாராளுமன்றத்துக்கு வெளியே போனார்கள். தெற்கில் தடைசெய்யப்பட்ட இளைஞர் இயக்கம் தலைமறைவாகி, சில வருடங்களில் அங்கேயும் இரத்தம் ஓடியது. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. இத்தனைக்கும் அந்த ஒரு வாக்கெடுப்புத்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கோபத்தைச் சொல்வதற்கு இருந்த தேர்தல் என்ற கதவு அடைபட்டது. கதவை அடைத்தால் கோபம் கூரையைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும்.

இனி இன்னொரு நாட்டைப் பார்ப்போம். தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா. அது கோப்பி விளையும் மலைநாடு. நம் பாட்டன் பூட்டன் முதலில் இந்த மலைகளுக்கு வந்ததும் கோப்பித் தோட்டங்களுக்குத்தான் என்பதால் அந்த மலை வாழ்க்கையை நம்மால் ஓரளவு கற்பனை செய்ய முடியும். நிலமில்லாத விவசாயிகளின் பிரச்சினையில் வேர்விட்டு, 1964 முதல் ‘ஃபார்க்’ என்ற ஆயுத இயக்கத்துக்கும் அரசுக்கும் இடையே 52 வருடம் யுத்தம் நடந்தது. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். பல இலட்சம் பேர் ஊரைவிட்டுப் பெயர்ந்தார்கள். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2016 செப்டெம்பரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜனாதிபதி சாந்தோஸ் அதை மக்களிடம் வாக்கெடுப்புக்கு விட்டார்.

2016 அக்டோபர் 2இல் மக்கள் சொன்ன பதில் ‘இல்லை’. நூற்றுக்கு 50.2 வீதம் எதிராக, 49.8 வீதம் ஆதரவாக. ஒரு கோடியே முப்பது இலட்சம் வாக்குகளில் வித்தியாசம் ஏறக்குறைய 54 ஆயிரம் மட்டுமே. வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர்கூட இல்லை.

இதில் நாம் மறக்கக் கூடாத ஒரு ஊர் இருக்கிறது. பொஹயா என்று பெயர். 2002 மே மாதம் அங்கே சண்டை நடந்தபோது மக்கள் தேவாலயத்துக்குள் ஓடி ஒளிந்தார்கள். ஃபார்க் வீசிய குண்டு அந்தத் தேவாலயத்தின் மேல் விழுந்தது. செத்தவர்களில் பலர் குழந்தைகள். அந்த ஊர் 2016இல் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் ‘ஆம்’ என்று வாக்களித்தது. யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் யுத்தம் முடியட்டும் என்றார்கள். அவர்கள் மன்னித்தார்களா இல்லையா என்பது அவர்கள் மனதுக்குத் தெரியும். இன்னொரு தாய் அழக் கூடாது என்பதுதான் அந்த வாக்கின் பொருளாக நமக்குப் படுகிறது.

அடுத்த நாள் யுத்தம் மறுபடி தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை. இரு தரப்பும் யுத்தநிறுத்தத்தைக் காத்தன. ஜனாதிபதி, பல வருடம் முகம் கொடுத்துப் பேசாத ‘இல்லை’ பக்கத்தின் தலைவர் உரிபேயை அழைத்து உட்கார்ந்து பேசினார். மாணவர்களும், பாதிக்கப்பட்ட குடும்பங்களும், பூர்வகுடி மக்களும் தலைநகர் பொகோட்டாவில் பேரணியாக வந்தார்கள். மைதானத்தில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். ‘இல்லை’ என்றவர்களின் ஆட்சேபணைகளைக் கேட்டு ஒப்பந்தத்தில் பல திருத்தங்கள் செய்யப்பட்டன. இயக்கத்தின் சொத்துக்களைக் கணக்குக் காட்டி, பாதிக்கப்பட்டோரின் நட்டஈட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நவம்பர் 24இல் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த வருடம் ஜூனில் ஃபார்க் ஆயுதங்களை ஐக்கிய நாடுகள் சபையிடம் ஒப்படைத்தது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். திருத்திய ஒப்பந்தத்தை மறுபடி மக்களிடம் விடாமல் பாராளுமன்றத்திலேயே நிறைவேற்றிவிட்டார்கள் என்ற மனக்குறை ‘இல்லை’ பக்கத்தாரிடம் ஆறவில்லை. ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் பின்னர் கொல்லப்பட்டார்கள். நிலப் பங்கீடு மெதுவாகவே நடக்கிறது. ஆனாலும் அந்தப் பெரிய யுத்தம் பழையபடி திரும்பவில்லை. 2018 தேர்தலில் ‘இல்லை’ பக்கத்து வேட்பாளரே வென்று ஜனாதிபதியானார். நடந்ததை எல்லாத் தரப்பிடமும் கேட்டு எழுதிய உண்மை ஆணைக்குழுவின் அறிக்கை 2022இல் வெளிவந்தது.

இரண்டு நாடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு மூன்று விடயம் தெரிகிறது. ஒன்று, தோற்றவர் மறுபடி வருவதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். 1982இல் அந்த வழி அடைக்கப்பட்டது, கொலம்பியாவில் திறந்திருந்தது. இரண்டு, வென்றவர் தோற்றவரின் ஆட்சேபணையில் நியாயமானதை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று, அதிகம் அடிபட்டவர்களின் குரல் முன்னால் வர வேண்டும். அவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தலைவர்மார் கைகுலுக்கினால் அந்த ஒற்றுமை படத்தோடு சரி.

தோழர்களே, இது நமக்குப் புதிதல்ல. வேலைநிறுத்தம் செய்வதா வேண்டாமா என்று தோட்டக் கமிட்டியில் எத்தனை முறை பிரிந்திருக்கிறோம்! வேண்டாம் என்றவரும் மறுநாள் பெரட்டுக்களத்தில் நம்மோடு நின்றால்தான் போராட்டம் வெல்லும். அவர் நிற்க வேண்டுமானால், முதல்நாள் இரவு அவரை நாம் ‘துரையின் ஆள்’ என்று ஏசியிருக்கக் கூடாது. வேலைநிறுத்தத்தில் கிடைத்த சம்பள உயர்வு அவருக்கும் சேர்த்துத்தான் கிடைக்கிறது. அதுபோல நாட்டிலும் வென்ற பக்கம் பெறுவது தோற்ற பக்கத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

1982இல் நம் மக்களில் பலருக்கு வாக்கில்லை. 2003ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு பிரஜாவுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. அடுத்த வாக்கெடுப்பில் நம் புள்ளடிக்குப் பெறுமதி உண்டு. வடக்கு கிழக்குத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லோரும் நம் வாக்கைக் கேட்டு வருவார்கள். காணியுரிமையும் வீடும் லயத்துப் பிள்ளையின் படிப்பும் அந்த அரசியலமைப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று நாம் அவர்களைக் கேட்க வேண்டும்.

அதற்கு இன்றிலிருந்தே செய்யக்கூடிய வேலைகள் உண்டு. ஒவ்வொரு தோட்டத்திலும் வாக்காளர் இடாப்பில் விடுபட்ட பெயர்களைப் பாருங்கள். 18 வயது நிறைந்த பிள்ளைகளைப் பதியுங்கள். அரசியலமைப்பு யோசனை வெளிவந்தால் அதைத் தமிழில் எடுத்துவைத்து வாசகசாலையில் கூட்டாக வாசியுங்கள். வேறு சங்கத்தாரையும் அழையுங்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள விவசாயிகளோடு, பன்சலைக்கும் கோயிலுக்கும் வரும் பெரியவர்களோடு, இப்போதே பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். தீ வந்த பிறகு அறிமுகம் தேடுவது முடியாத காரியம். 1983இல் தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் காத்த சிங்களக் குடும்பங்கள் இருந்தார்கள். அதற்கு முன்பே அவர்களுக்குள் பழக்கம் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

பிரிந்த நாடு ஒன்றுசேர முடியுமா என்று கேட்டோம். முடியும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் வாக்கு எண்ணி முடிந்த இரவே அது தானாக நடந்துவிடாது. வென்றவர் அடங்கிப் பேச, தோற்றவர் விலகிப் போகாமல் இருக்க, பல வருடம் எடுக்கும் வேலை அது. அந்த வேலையில் நம் சங்கம் முன்னால் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வாக்காளர் பதிவு விபரங்களை அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு கமிட்டியும் கொண்டுவர வேண்டும்.