உயிலை எடுத்துப் பாருங்கள்

சிங்கப்பூரில் ஓர் இளைஞர் தாயாருக்கென உயில் எழுதுகிறார். மத்திய சேம நிதிக்கும் தாயாரையே நியமிக்கிறார். பிறகு திருமணம், குழந்தை. தாயாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதி அவருக்கு.

ஆனால், திருமணம் ஆனதுமே அந்த நியமனம் ரத்தாகிவிட்டது. உயிலும் பொதுவாகச் செல்லாது. அவர் இறந்தால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கான சட்டப்படி மனைவிக்குப் பாதி, பிள்ளைக்குப் பாதி. தாயாருக்கு ஒரு காசும் இல்லை.

மணவிலக்கு அப்படியல்ல. மனைவிக்கு எழுதிய உயிலும் நியமனமும் பிரிந்த பிறகும் அப்படியே நிற்கும். நாமே மாற்ற வேண்டும்.

சேம நிதிப் பணம் உயிலுக்குள் அடங்காது. ஆகவே, குடும்பத்தில் திருமணம், மணவிலக்கு, பிறப்பு, இறப்பு எது நேர்ந்தாலும் இரண்டையும் எடுத்துப் பாருங்கள்.