மின் இணைப்பு வருமுன் கிணற்று நீரை அறிதல்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



புதிதாக ஓர் ஆழ்துளைக் கிணறு போட்டு முடிந்ததும் நம் கிராமங்களில் நடப்பது யாது? ரிக் வண்டியின் காற்றழுத்தத்தால் நீர் பீறிட்டு எழுகின்றது. ஊரார் கண்டு மகிழ்கின்றனர். உடனே மேல்நிலைத் தொட்டிக்கு இடம் பார்க்கிறோம்; குழாய்கள் வாங்குகிறோம்; மின் இணைப்புக்கு மனுச் செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். மின்சாரம் வந்து பம்பு ஓடத் தொடங்கிய பின்னரே, அந்த நீர் எவ்வளவு கிடைக்கும், குடிக்கத் தகுந்ததா என்பது வெளிப்படுகின்றது. அதற்குள் ஊராட்சிப் பணம் செலவாகிவிடுகின்றது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றவேண்டும் என்பதே நான் கூறவந்த செய்தி. ஒரு ஜெனரேட்டரை ஒரு நாள் வாடகைக்கு அமர்த்தி, பம்பை இறக்கி ஓட்டி, நீரின் அளவையும் குணத்தையும் முதலில் அறிந்துகொள்ளுங்கள். தொட்டியும் குழாயும் பிறகு ஆகட்டும்.

ரிக் வண்டி காட்டிய நீரே போதாதா எனச் சிலர் வினவலாம். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடும்பாறையாகும். பாறையின் வெடிப்புகளிலே தேங்கிய நீர் முதல் அரைமணி நேரம் அள்ளிக் கொடுக்கும். பின்னர் ஊற்று தரும் அளவே மிஞ்சும். கார்த்திகையில் பொங்கும் கிணறு சித்திரையில் வறளுவதையும் நீங்கள் அறிவீர்கள். ஆதலால் பல மணி நேரம் தொடர்ந்து இறைத்துப் பார்ப்பதே சோதனை; அதையும் கோடையில் செய்வதே நன்று.

அளவைக் காட்டிலும் குணம் பெரிது. நீரில் ஃப்ளோரைடு கலந்திருந்தால் அது நிறத்திலும் தெரியாது, சுவையிலும் தெரியாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் பருகும் குழந்தைகளின் பற்களிலே பழுப்புக் கறையாகவும், பெரியவர்களின் எலும்புகளிலும் மூட்டுகளிலும் நீங்காத நோயாகவும் அது தோன்றும். காய்ச்சினாலும் அது போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இக்கேடு மிகுந்திருந்தமையால்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் வழியே காவிரி நீரை அங்கே கொண்டுசெல்ல நேர்ந்தது. இத்தகைய நீரை அறியாமல் தொட்டியில் ஏற்றி வீடுதோறும் குழாயில் அனுப்பினால், நோயை நாமே பங்கிட்டுக் கொடுத்தவர்களாவோம்.

இனி, ஜெனரேட்டரைப் பற்றிப் பார்ப்போம். 5 குதிரைச் சக்தி மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 5 கிலோவாட் மின்சாரம் இழுக்கும். அதை நம்பி அதே அளவுள்ள ஜெனரேட்டரைக் கொண்டுவந்தால் மோட்டார் புறப்படாது, முனகிக்கொண்டு நிற்கும். புறப்படும் கணத்தில் மோட்டார் வழக்கத்தைப் போல் ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதே காரணம். நேரடி ஸ்டார்ட்டர் உள்ள 5 குதிரைச் சக்தி மோட்டாருக்கு 15 கே.வி.ஏ. அளவில் மும்முனை மின்சாரம் தரும் ஜெனரேட்டரைத் தேடுவது நலம். ஸ்டார்-டெல்ட்டா ஸ்டார்ட்டருக்கேற்ற மோட்டாராயின் சற்றுச் சிறியதும் போதும். டீசல் மணிக்கு 2 முதல் 2½ லிட்டர் ஆகலாம்; ஒரு முழுநாள் சோதனைக்கு இரண்டு கேன் டீசல் பெரிய செலவன்று. பம்பையும் வாடகைக்கு எடுப்பதே மேல். கிணற்றின் ஊறுதிறன் தெரிந்த பின் அதற்கேற்ற பம்பை வாங்கலாம்.

முதலில் ஜெனரேட்டரைத் தனியே சில நிமிடம் ஓடவிட்டு, மின்னழுத்தம் நிலைத்ததும் பம்பைப் போடுங்கள். நிறுத்தும்போது பம்பை முதலில் நிறுத்துங்கள். மோட்டார் ஓடியும் நீர் குறைவாக வந்தால் கிணற்றைக் குறைகூற வேண்டா. மோட்டார் எதிர்த்திசையில் சுழலக்கூடும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் சரியாகும்.

மூன்று எச்சரிக்கைகளை நான் வற்புறுத்தியே கூறவேண்டும். ஜெனரேட்டரைப் பம்பு அறைக்குள்ளோ, திறந்த கிணற்றின் உட்படியிலோ ஒருபோதும் வைக்கக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற நச்சு வாயு. மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் மாண்டுபோவது உண்டு. அடுத்து, ஏற்கெனவே மின் இணைப்புள்ள இடத்தில் மாற்றுச் சுவிட்சு இன்றி ஜெனரேட்டரைக் கோத்தால், மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து மின்மாற்றி வழியே உயரழுத்தமாகிக் கம்பத்தில் வேலைசெய்யும் லைன்மேனைக் கொல்லும். நில இணைப்பின்றியும் ஓட்டலாகாது. இவற்றையெல்லாம் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்விக்கவேண்டும். ‘நம்ம பையன் பார்த்துக்கொள்வான்’ என்பது இவ்விடத்தில் உதவாது.

பம்பை ஓட்டுமுன் நீர்மட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பம்புக் குழாயோடு ஒரு மெல்லிய குழாயையும் சேர்த்து இறக்கினால் அளவு நாடா கேபிளில் சிக்காது. பிறகு 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை வினாடி ஆகின்றதெனப் பாருங்கள். 80 வினாடியாயின் நிமிடத்துக்கு 150 லிட்டர். முதலில் அடிக்கடியும், பின்னர் அரைமணிக்கு ஒருமுறையும் நீர்மட்டத்தையும் இந்த அளவையும் குறித்து வாருங்கள். மட்டம் ஓரிடத்தில் நிலைத்தால் ஊற்று ஈடுகொடுக்கின்றது எனலாம். பம்பு வரை இறங்கிவிட்டால் உடனே நிறுத்துக; நீரின்றி ஓடும் மோட்டார் வெந்துபோகும். நிறுத்திய பின் மட்டம் ஏறும் வேகத்தையும் எழுதுக. இறைத்த நீர் கிணற்றருகிலேயே ஊறித் திரும்பாதபடி வாய்க்காலில் தூரமாக விடவேண்டும்.

ஜல் ஜீவன் திட்டம் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என வகுத்துள்ளது. 1,000 பேர் உள்ள சிற்றூருக்கு 55,000 லிட்டர். நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் கிணறு இதற்கு ஒன்பது மணிக்கு மேல் ஓடவேண்டும். அத்தனை நேரம் அது தாங்குமா என்பதைச் சோதனைக் குறிப்பேடே சொல்லும்.

மாதிரி எடுப்பதற்கும் இதே நாள் உகந்தது. குழாயில் பலநாள் தேங்கிய நீரை எடுத்தனுப்பினால் பரிசோதனை பயனற்றது. 6½ அங்குலக் கிணற்றில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 21 லிட்டர் நீர் நிற்கும். நூறு மீட்டர் நீர் இருப்பின் 2,100 லிட்டர்; அதைப்போல் மூன்று மடங்கு இறைத்த பின்னரே மாதிரி எடுக்கவேண்டும். நிமிடத்துக்கு 150 லிட்டர் பம்புக்கு இது முக்கால் மணி நேர வேலை. இரசாயனப் பரிசோதனைக்கு இரண்டு லிட்டர் சுத்தமான கேனை அதே நீரால் மும்முறை அலசி நிரப்புக. கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய புட்டியை அலசவே கூடாது. அதிலுள்ள மருந்து போய்விடும். அதனைப் பனிக்கட்டியில் வைத்து, கூடுமானால் 6 மணிக்குள், தவறினால் 24 மணிக்குள் சேர்ப்பிக்கவேண்டும். டீசல் கையோடு புட்டியைத் தொடாதீர்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர்ப் பரிசோதனைக் கூடம் உண்டு. முடிவு வந்ததும் இந்தியத் தர நிர்ணயத்தோடு ஒப்பிடுங்கள். லிட்டருக்கு ஃப்ளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு நீர் கிடையாவிடில் 1.5 வரை. நைட்ரேட்டு 45-க்கு மேற்படலாகாது. மிகுந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. எருக்குழி, கழிப்பறைக் குழி, மிகையுரம் ஆகியவை அதற்குக் காரணங்கள். கரைந்த உப்புகள் 500 வரை நன்று; வேறு வழியில்லையேல் 2,000 வரை. மலக்கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றும் இருத்தலாகாது. பாசனக் கிணறாயின் உழவர்கள் மின்கடத்துதிறனைக் கேளுங்கள். 2,250 மைக்ரோமோவுக்கு மேற்பட்ட நீரை உவர் தாங்காத பயிருக்குப் பாய்ச்சினால் நிலமும் கெடும்.

கிருமி மட்டும் இருப்பின் கிணற்றுத் தலையைச் சீர்ப்படுத்திக் குளோரின் இட்டு, மணம் போகும்வரை இறைத்து மறுபடி சோதிக்கலாம். ஃப்ளோரைடு மிகுந்திருப்பின் அக்கிணற்றைத் துவைக்கவும் கால்நடைக் கொட்டிலைக் கழுவவும் ஒதுக்கிவிட்டு, குடிநீருக்கு வேறிடம் தேடவேண்டும். அறிக்கையின் நகலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, கிராம சபையிலும் படித்துக் காட்டிய பின்னரே தொட்டிக்கான தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.