நீண்டு குறுகிய மனையில் ஒரு வீடு

திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை, கோட்டைக்ககம் ஆகிய பகுதிகளில் பழைய அக்கிரகாரத் தெருக்கள் சில இன்றும் இருக்கின்றன. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராக, வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். தெருவிலிருந்து பார்ப்பவருக்குத் திண்ணையும் வாயிலும் மட்டுமே தெரியும். உள்ளே நுழைந்தாலோ ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணறு, கொல்லை என்று வீடு நீண்டுகொண்டே போகும். பத்மநாபசுவாமி கோயிலின் பணிகளுக்காகவும் திருவிதாங்கூர் அரசின் உத்தியோகங்களுக்காகவும் தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் வீடுகள் இவை. இத்தெருக்கள் ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே உரியனவாக இருந்த காலம் கடந்துவிட்டது. அந்த வேலியை நாம் மீண்டும் விரும்பவேண்டியதில்லை. ஆயினும் குறுகிய நிலத்தில் காற்றும் வெளிச்சமும் நிறைய வாழ்வது எப்படி என்பதை அவ்வீடுகள் அறிந்திருந்தன. அந்த அறிவு நமக்கு இன்று மிகவும் வேண்டியதாகிறது.

ஏனெனில் இன்று நகரத்தில் நம்மவர் வாங்கும் மனை பெரும்பாலும் குறுகியதே. தந்தையின் நிலத்தைப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஒவ்வொருவருக்கும் சாலை முகப்பு வேண்டும் என்பதற்காக நிலத்தை நெடுக்கில் கீறிவிடுகிறார்கள். 24 அடி அகலமும் 90 அடி நீளமும் உள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 2,160 சதுர அடி. அதாவது ஏறக்குறைய ஐந்து சென்ட். இதில் வீட்டை எங்கே நிறுத்துவது?

பலர் செய்வது இதுதான். நடுவில் வீட்டை நிறுத்தி, இரு பக்கமும் நான்கு நான்கு அடி விட்டுவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள். 24 அடியில் 8 அடி போயிற்று. வீட்டுக்குக் கிடைப்பது 16 அடி. விலை கொடுத்து வாங்கிய அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, பாசி படிந்த இரண்டு சந்துகளாகி விடுகிறது. அங்கே குழந்தை விளையாட முடியாது, செடி வளராது. அண்டை வீட்டுச் சுவருக்கு நேர் எதிரே திறக்கும் ஜன்னல்கள் நாள் முழுவதும் மூடியே கிடக்கும். நீண்ட வீட்டின் நடு அறை இருண்டுவிடும். பெரும்பாலும் அந்த அறைதான் வயது முதிர்ந்த தாய்க்கோ தந்தைக்கோ ஒதுக்கப்படுகிறது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டிய வீட்டில் பெற்றோர் பகலிலும் விளக்கேற்றி இருக்க நேர்வது எவ்வளவு வருந்தத்தக்கது!

நடுவில் வீடு, சுற்றிலும் வெளி என்பது பழைய கேரள முறை. நாலுகெட்டு வீடுகள் அகன்ற புரையிடங்களில் அவ்வாறே நின்றன. மனையை நான்கு கண்டங்களாகப் பகுத்து, வடகிழக்கும் தென்மேற்கும் வீட்டுக்கு ஏற்றவை என்று ‘மனுஷ்யாலய சந்திரிகை’ என்னும் கேரளச் சிற்ப நூல் விதிக்கிறது. பரந்த தோட்டத்துக்குப் பொருந்தும் விதி அது. 24 அடி அகல மனையை இரண்டாகப் பகுத்தால் 12 அடிதான் வரும். ஒரு கண்டத்துக்குள் ஒரு குடும்பத்தை அடக்க இயலாது.

அக்கிரகார வீடு வேறு வழியில் சென்றது. வெளியிடத்தை நாற்புறமும் சிதறவிடாமல் ஓரிடத்தில் திரட்டியது. அந்த இடமே முற்றம். பொதுச் சுவர்களால் பக்கங்களில் வெயில் படாது. முற்றத்தின் வழியே சூடான காற்று மேலெழும்பிச் செல்லும். மழை நீரும் வெளிச்சமும் வீட்டின் நடுவிலேயே இறங்கும். நாம் மேற்கொள்ள வேண்டிய பாடம் இந்த ஒன்றே: குறுகிய மனையில் வெளியைச் சிதறவிடாதீர்கள், திரட்டுங்கள்.

இன்றைய கட்டட விதிகள் பக்கங்களில் இடம் விடச் சொல்கின்றன, அது முறையே. ஆனால் எவ்வளவு விடவேண்டும், திறப்பில்லாத சுவருக்குச் சலுகை உண்டா என்பவற்றை மாநகராட்சி அலுவலகத்தில் முன்னரே கேட்டறியுங்கள். ஒரு பக்கம் விதி அனுமதிக்கும் குறைந்த அளவை மட்டும் விட்டு, மிச்சத்தை மறுபக்கம் சேருங்கள். பிறகு நீளத்தைப் பகுத்துக்கொள்ளலாம். முன்புறம் 10 அடி, பின்புறம் 20 அடி போக, வீட்டுக்கு 60 அடி நிற்கும். அதன் நடுவே பத்தடி நீளத்துக்கு ஒரு முற்றம் விட்டால், முன்னும் பின்னுமாக 25 அடியில் இரு பகுதிகள் அமையும். எந்த அறையும் வெளிச்சத்துக்குத் தொலைவில் இராது. அறையிலிருந்து அறைக்குச் செல்லும் வழி முற்றத்தை ஒட்டி அமைந்தால் வீடு ரயில் பெட்டி போலத் தோன்றாது.

அடுத்தது திசை. திருவனந்தபுரம் வடக்கு அட்சரேகை எட்டரைப் பாகையில் உள்ளது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்டு இறுதியையொட்டியும் கதிரவன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வருகிறான். இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்கு வடக்கேயும் மற்ற மாதங்களில் தெற்கேயும் நிற்கிறான். எப்போதும் உயரத்திலேயே இருப்பதால் வடக்கு, தெற்குச் சுவர்களை ஓர் அகன்ற இறவாணமே காத்துவிடும். காலை, மாலை வெயில் தாழ்ந்து வருவதால் கிழக்கு, மேற்குச் சுவர்களைக் காப்பது கடினம். ஆகவே சாலை கிழக்கிலோ மேற்கிலோ இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. வீட்டின் நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கும். சாலை வடக்கிலோ தெற்கிலோ இருந்தால், மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை மேற்கில் அடுக்கி வெயிலுக்குத் தடுப்பாக்குங்கள். ஆனால் கடற்காற்று வருவதும் மேற்கிலிருந்தே. அதனால் முழுவதும் அடைத்துவிடலாகாது. திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதற்கு நல்ல வழி காட்டினார். உள்ளூரில் அவர் அமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில், ‘ஜாலி’ எனப்படும் செங்கல் வலைச்சுவர்களைக் காணலாம். அவை காற்றை விடும். கண் கூசும் வெளிச்சத்தைத் தணிக்கும்.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் தங்கள் ஊருக்கேற்ப இதை மாற்றிக்கொள்ள வேண்டும். தில்லியில் நடுப்பகல் கதிரவன் ஆண்டு முழுவதும் தெற்கேதான் நிற்கிறான். அங்கே தென்புற ஜன்னல் குளிர்காலத்தில் ஒரு வரம்.

கடைசியாகக் கிணறு. அக்கிரகாரத்தில் கிணறு அடுக்களையை ஒட்டியும் கழிப்பிடம் கொல்லைக் கோடியிலும் இருந்தன. மனையின் நீளமே குடிநீரைக் காத்தது. குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுநீர்க் குழிக்கும் இடையே ஏழரை மீட்டராவது, அதாவது சுமார் 25 அடியாவது, வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. நம் மனையின் அகலமே 24 அடி! ஆகவே குழி எங்கே என்பதை நம் கிணற்றை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. இரு பக்கத்து வீட்டார் கிணறுகளையும் அளந்து பார்க்கவேண்டும். அவர்கள் கிணறுகள் பின்புறம் இருந்தால் நம் குழி முன்புறம் போகட்டும். நாம் அயல் மண்ணில் குடியேறியவர்கள். அண்டை வீட்டாரின் நீரைக் கெடுக்காமலிருப்பதே அவர்களோடு நாம் கொள்ளும் உறவின் முதற்படி.

ஆகவே, கடைக்கால் தோண்டுமுன் மனையில் சுண்ணாம்புப் பொடியால் வீட்டின் கோடுகளை இட்டுப் பாருங்கள். காலையிலும் உச்சியிலும் மாலையிலும் அங்கே சென்று நில்லுங்கள். ஒரு மழை நாளில் குடையோடு போய், நீர் எப்பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். வீட்டிலுள்ள மூத்தவர்களையும் அழைத்துச் சென்று, அவர்கள் அறை அமையும் இடத்தில் சற்று அமரச் செய்யுங்கள். தாளில் வரைந்த கோட்டை எத்தனை முறையும் அழிக்கலாம். எழுப்பிய சுவரை நகர்த்த இயலாது.